கோடு அமைதியான இடம்

குமரேசா,

இந்தத் தாளைப் பிரித்ததுமே உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆமாம், பொம்மசந்திரா பேக்டரியின் டெஸ்ட் ரிப்போர்ட் தாள்தான். நான் ரிட்டயர் ஆன அன்று மாலையும் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். யாரும் கொடுக்காத ஒரு கட்டுத் தாளும் எப்படியோ என் பைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. கடிகாரம் ஒரே வருடத்தில் நின்றுபோனது, தாள் இன்னும் தீரவில்லை. முன்பக்கம் வோல்ட், லோடு, எடை என்று கட்டங்கள், அடியில் சோதித்தவர் கையெழுத்துப் போட ஒரு கோடு. பின்பக்கம் வெறும் வெள்ளை. உன் அம்மா அதில் மளிகைச் சாமான் எழுதுவாள். இன்று நான் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். பாதியில் எனக்கு இருமல் வரும், மீதியில் உன் அம்மா குறுக்கே பேசுவாள். நேரில் சொல்லலாம் என்றால், நேரில் நான் எவ்வளவு அழகாகப் பேசுவேன் என்பதைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீயே பார்த்தாயே. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்த கை இது. பிழை இருந்தால் திருத்திக்கொள். எழுதும்போது மட்டும்தான் என் வாய் கொஞ்சம் யோசிக்கிறது. சொல்ல வந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை உங்கள் கைடு மேடம் அந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உன் வேலையை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் பார்த்துவிடு. சந்தாபுராவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நான் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு தருவேன் என்பது உனக்குத் தெரியும். துத்தநாகத்தில் ரீசார்ஜ் பேட்டரி. லித்தியம் மாதிரி தீப்பிடிக்காது, உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர், விலையும் குறைவு. இதைச் சொன்னபோது முடிவெட்டும் மஞ்சு கத்தரியை நிறுத்திவிட்டு, “அஷ்டு சென்னாகித்ரே அங்கடியில யாக்கில்ல சார்?” என்றான். அவ்வளவு நல்லதென்றால் கடையில் ஏன் இல்லை என்கிறான். பாதித் தலை வெட்டிய நிலையில் நான் அவனுக்கு விளக்கினேன். சார்ஜ் தீரும்போது கரைந்து போன துத்தநாகம், திரும்ப சார்ஜ் ஏற்றும்போது வந்து தகட்டில் உட்கார வேண்டும். அது ஒழுங்காக உட்காராது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்தால் பின்கதவு காலியாகக் கிடக்க எல்லோரும் முன்கதவிலேயே ஏறுவது போல, எங்கே ஒரு சின்ன மேடு இருக்கிறதோ அங்கேயே வந்து குவியும். மேடு முள்ளாகும், முள் ஊசியாகும், ஊசி நடுவில் இருக்கும் தடுப்பைத் துளைத்து எதிர்த் தகட்டைத் தொடும். தொட்டால் கதை முடிந்தது. அது போதாதென்று தண்ணீரே துத்தநாகத்தை அரித்து வாயுவைக் கிளப்பும், செல் உப்பிக்கொள்ளும். இதைத்தான் என் மகன் ஜெல் போட்டு அடக்குகிறான் என்று சொல்லி முடித்தபோது மஞ்சு, “ஜெல் நான்கூட வெச்சிருக்கேன் சார், போடட்டுமா?” என்று கேட்டு என் தலையைத் தடவினான். விஞ்ஞானத்துக்கு இங்கே இவ்வளவுதான் மரியாதை.

அந்த ஜெல் நம் வீட்டுக்குள் வந்த கதையை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் வைத்திருப்பது இப்படி. நீ எலக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று சொன்ன நாள் முதல் எட்டு மாதம் நம் இருவருக்கும் சண்டையே கிடையாது. “சாப்டியா?” “சாப்டேன்.” “பஸ் கெடைச்சுதா?” “கெடைச்சுது.” இவ்வளவுதான். நான் திட்டவில்லை, நீ எதிர்த்துப் பேசவில்லை, யாரும் கதவை அடித்துச் சாத்தவில்லை. அதற்கு முன்னால் கிரிக்கெட்டுக்கும் முடி வளர்ப்பதற்கும் தினம் நாம் கத்திக்கொண்ட வீடு அது. உன் அம்மாவிடம் நான், “பாத்தியா, பையன் பெரியவனாயிட்டான், வீடு எவ்ளோ அமைதியா இருக்குது” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு எப்போதும் என்னைவிட மீட்டர் பார்க்கத் தெரியும்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் நீ வந்து நின்று, “அப்பா, உங்க பேக்டரி ஜெல் ஏன் விரிசல் விடுது?” என்று கேட்டாய். என் ஆயுளில் என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எங்களுடையது ஈயமும் அமிலமும், உன்னுடையது வேறு. ஆனாலும் சிலிக்கா பொடியை அமிலத்தில் கலக்கி, கெட்டியாவதற்குள் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்து, மூடியில் சின்ன ஒழுகல் இருந்தால் ஜெல் காய்ந்து பிளக்கும் என்பதையெல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னேன். இதே தாளின் பின்பக்கத்தில் படம் போட்டேன். ரொம்பத் தளர்வாக இருந்தால் தண்ணீர் போலத்தான், ரொம்ப இறுகினால் தகட்டை விட்டு விலகி நிற்கும், கரண்ட் நடக்க இடம் இருக்காது என்றேன். நீ உன் அம்மாவைக் கூப்பிட்டு, “வடாம் கூழ் பதம்தாம்மா வேணும், கரண்டியிலருந்து விழணும், விழுந்தா ஓடக்கூடாது” என்றாய். அவள், “அதுக்கு எதுக்குடா அஞ்சு வருஷப் படிப்பு, எங்கிட்ட ஒரு காலைல கத்துக்கலாமே” என்றாள். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் நீயும் நானும் திரும்பக் கத்த ஆரம்பித்தோம். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் துத்தநாகம் வைத்து, நடுவில் உன் ஜெல்லை வைத்து, ஒரு மணி நேரம் இந்தப் பக்கம், ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி கரண்ட் விடுவாய். மெஷின் அதை ஒரு கோடாகப் போடும். சீப்பின் பற்கள் மாதிரி மேலும் கீழுமாகப் போகும். நிறைய செல்கள் சில வாரங்களில் கோணிக்கொண்டு செத்தன. ஒன்று மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. மாதக் கணக்கில் ஓடியது. மற்ற செல்களின் பக்கத்தில் அது சாவே இல்லாத பிறவி போல இருந்தது. மேடம் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார், கட்டுரை எழுதச் சொன்னார், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் ஒரு லேப் உன்னை வரச் சொல்லியது. நீ வீட்டுக்குக் கொண்டு வந்த அச்சுப் படத்தை உன் அம்மா பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, சாமி அலமாரியில் முருகனுக்கும் திருப்பதிப் பெருமாளுக்கும் நடுவில் நிற்க வைத்தாள். தினமும் அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டினாள். நான் கிண்டல் செய்தேன் என்றாலும், அவள் பார்க்காதபோது நானும் ஒரு கும்பிடு போட்டதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தாய். புதுக் கண்ணாடி வாங்கிய தைரியத்தில் நான் அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, வம்புக்குத்தான் கேட்டேன். “ஏண்டா, இது வரைக்கும் பல்லெல்லாம் உசரமா இருக்குது, இங்கருந்து குட்டையாப் போச்சே? தேஞ்சிடுச்சா?”

“அது செட்டில் ஆனதுப்பா. ஜெல்லும் துத்தநாகமும் நல்லா ஒட்டிக்கினா ரெசிஸ்டன்ஸ் கொறையும்.”

“எங்க பேக்டரில ஒரு பேட்டரி திடீர்னு இவ்ளோ நல்லவனாயிட்டா நாங்க சந்தேகப்படுவோம்பா” என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. துண்டைக் கையில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாய். பிறகு மெதுவாக, “நானும் பட்டேன்பா. போன வாரம் அந்தச் செல்லைப் பிரிச்சுப் பாத்துட்டேன்” என்றாய்.

நீ சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஜெல்லுக்குள் சாம்பல் நிறத்தில், பூனை மீசை அளவுக்கு ஒரு ஊசி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போய்த் தொட்டுக்கொண்டிருந்தது. தடிமனான ஊசியாக இருந்தால் கோடு ஒரேயடியாகக் கீழே விழுந்து எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இது மெல்லிசு. அதனால் செல் முழுசாகச் சாகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. கரண்டில் பெரும்பகுதி அந்த ஊசி வழியாகவே சும்மா போய் வந்தது. கோடு குட்டையாகி அமைதியானது அது நல்லபடியாக இருந்ததால் அல்ல, அந்த இடத்தில்தான் அது செத்தது. நீங்கள் இத்தனை மாதமாக ஆயுள் என்று எண்ணிக்கொண்டிருந்தது அத்தனையும் அந்த அமைதிக்கு அப்புறம் வந்தது.

“மேடத்துக்குத் தெரியுமா?”

“இல்லப்பா. யாருக்கும் தெரியாது. பிரிச்ச செல்லை டப்பால போட்டு என் டிராயர்ல வெச்சிருக்கேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “என்ன பண்ணட்டும்பா?” என்றாய்.

நீ என்னிடம் யோசனை கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குக் கணக்கில்லை. அந்த நேரம் பார்த்து நான் சொன்னேன், “விடுடா. யாருக்குத் தெரியப் போவுது? மொதல்ல ஜெர்மனி போய்ச் சேரு.”

அதுதான் அந்த வாக்கியம். “நாப்பத்தெட்டா இப்படிப் பேசறது?” என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாய். சாம்பாரோடு எழுந்துவிட்டாய், ரசத்துக்கு உட்காரவில்லை. மேடத்துக்கு ஏதோ அனுப்ப வேண்டும் என்று மூன்று மணிக்கே மல்லேஸ்வரம் ரூமுக்குக் கிளம்பிவிட்டாய். உன் அம்மா உனக்கென்று பொரித்த வடாம் தட்டில் நமத்துக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ சிரித்த சிரிப்பில் மறுபடி அந்த எட்டு மாதத்து அமைதி இருந்தது. குட்டைப் பல்.

நாற்பத்தெட்டு என்ற பெயர் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். டெஸ்டிங் செக்‌ஷனில் சார்ஜ் ஏற்றி இறக்கிய பேட்டரியை நாற்பத்தெட்டு மணி நேரம் சும்மா கிடத்தி, அதன் பிறகு லோடு போட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். லாரிக்காரன் கத்துவான், மேனேஜர் போன் செய்வார், நான் அசைய மாட்டேன். “நாப்பத்தெட்டு வர்றாருடா” என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது நீ இதைத்தான் எழுதினாய். டீச்சர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார் என்று ஓடி வந்து சொன்னாய். நான் உன்னைத் தூக்கிக் கொஞ்சவில்லை, கடைக்குப் போய்விட்டேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். அந்தப் பழக்கம் என்னுடன் பிறந்ததல்ல.

நீ யு.கே.ஜி. படித்த வருஷம். உங்கள் பள்ளியில் ஆண்டு விழா. உனக்குக் கத்தரிக்காய் வேஷம். நான்கு மணிக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும் என்று நீ காலையிலிருந்து அழுது வாக்கு வாங்கியிருந்தாய். இரண்டே முக்காலுக்கு ஒரு லோடு ஜெல் பேட்டரி சார்ஜரிலிருந்து இறங்கியது. லாரி நின்றுகொண்டிருந்தது. விதிப்படி இரண்டு நாள் கிடக்க வேண்டும். முடியாது என்று சொன்னால் மேனேஜர் வரும் வரை நின்று வாதாட வேண்டும், நான்கு மணி தாண்டிவிடும். நான் மீட்டரை வைத்து வோல்ட் பார்த்தேன். எல்லாமே நன்றாகக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? சார்ஜரிலிருந்து இறங்கிய சூட்டில் எந்த பேட்டரியும் நல்ல வோல்ட்தான் காட்டும். வேலை கொடுக்காத வரைக்கும் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் லோடு கட்டத்தில் போன வாரத்து எண்ணையே மறுபடி எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஊதாக் காகிதத்தில் ஒரு கத்தரிக்காய், காம்பு ஒரு பக்கம் சாய்ந்து, மேடையில் நின்று என்னைத் தேடியது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆனேக்கல் தாண்டி ஒரு சின்னப் பிரசவ விடுதியில் வேலை செய்யும் நர்ஸம்மா ஒருவர் ஆட்டோவில் வந்து பேக்டரி வாசலில் இறங்கினார். கூடவே எங்கள் பேட்டரியையும் இறக்கினார். மழையில் கரண்ட் போயிருக்கிறது. பிரசவ அறை விளக்கு எங்கள் பேட்டரியில் பத்து நிமிஷம் எரிந்திருக்கிறது. மீதிப் பிரசவத்தை அவர் வாயில் டார்ச் லைட்டைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். கத்தவில்லை, அழவில்லை. ஆபீஸுக்குப் போகாமல் நேராக எங்கள் செக்‌ஷனுக்கே வந்து, பேட்டரியோடு போன ரிப்போர்ட் தாளை நீட்டி, “இதக்கே சைன் ஹாக்கித்து யாரு?” என்று கேட்டார். இதில் கையெழுத்துப் போட்டது யார்? எங்கள் சூப்பர்வைசர், “பேட்ச் ப்ராப்ளம் சிஸ்டர், பேரே கொடுத்தீவி” என்று வேறு பேட்டரி தருவதாகச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார். நான் மூன்றடி தள்ளி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு டெர்மினலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்போது திரும்பி, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, “மகு சென்னாகிதே” என்றார். குழந்தை நன்றாக இருக்கிறது. அது உங்களால் அல்ல என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

யாருக்கும் தெரியவில்லை. என் கையெழுத்தை யாருக்கும் படிக்க வராது, அப்படி ஒரு கையெழுத்து. யாரும் விசாரிக்கவில்லை, சம்பளம் பிடிக்கவில்லை, அடுத்த வருஷம் எனக்குச் சீனியர் டெஸ்டர் பதவிகூடக் கொடுத்தார்கள். அன்றிலிருந்துதான் நான் நாற்பத்தெட்டு. எல்லோரும் அதை நேர்மை என்று நினைத்தார்கள். நீ அதைக் கட்டுரையாக எழுதினாய். அது பயம், குமரேசா. இன்னொரு ஆட்டோ வந்து நின்றுவிடுமோ என்ற பயம். அந்தக் கத்தரிக்காய் போட்டோ நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரிப்பேன். எனக்கு மட்டும் அதற்குப் பக்கத்தில் வாயில் டார்ச்சைக் கடித்த ஒரு அம்மா நிற்பார். இது உன் தப்பு அல்ல. ஐந்து வயதில் கத்தரிக்காயாக இருப்பது யாருடைய தப்பும் அல்ல. அரை மணி லேட்டாக வந்து உன்னிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டியவன் நான்.

ஆக, “யாருக்குத் தெரியப் போவுது” என்று உன்னிடம் சொன்னவன், அப்படி யாருக்கும் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவன். அப்படியிருந்தும் ஏன் சொன்னேன் என்று இன்று பகல் முழுக்க யோசித்தேன். உனக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதி பொய். டீக்கடையில், கோயிலில், மஞ்சு கடையில், மாடி வீட்டு ரெட்டி சாரிடம், என் மகன் சாகாத பேட்டரி கண்டுபிடித்துவிட்டான், ஜெர்மனிக்குப் போகிறான் என்று சொல்லியாகிவிட்டது. அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. உன் முகம் அதற்கப்புறம்தான் தோன்றியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அதுவும் லோடு போடாத ரிப்போர்ட்தான்.

மேடத்திடம் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அவர் கோபப்படலாம். கட்டுரை நின்றுபோகலாம். ஜெர்மனிக்காரர்கள் மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதிவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம். ஒரு வருஷ உழைப்பு கையைவிட்டுப் போகலாம். உனக்கு முப்பது வயது நெருங்குகிறது, எனக்கும் உன் அம்மாவுக்கும் வயது குறையவில்லை. இத்தனையும் உண்மை. ஆனால் எங்கேயோ ஒரு ஊரில், உன்னைப் போலவே ஒரு பிள்ளை, உன் கட்டுரையைப் படித்துவிட்டு நீ சொன்ன அளவில் உப்பும் தண்ணீரும் கலந்து ஜெல் செய்து, நீ சொன்ன ஆயுள் தனக்கு வரவில்லையே, என் கையில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு வருஷத்தைத் தொலைக்கும். அந்தப் பிள்ளைக்கு ஆட்டோ பிடித்து உன் லேப் வாசலுக்கு வரத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, இது என் பேக்டரி மூளைக்குத் தோன்றுவது, தப்பாக இருந்தால் விட்டுவிடு. எங்களிடம் திரும்பி வந்த பேட்டரிதான் எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. நன்றாக ஓடியதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அந்த ஊசி உன் ஜெல்லில் எங்கே கிளம்பியது, எந்த இடத்தில் ஜெல் தகட்டை விட்டு விலகியிருந்தது, ஏன் அது தடிக்காமல் மெலிந்தே நின்றது என்பதெல்லாம் உன் டிராயரில் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. அது செத்த செல் என்கிறாய். எனக்கு என்னவோ உன் லேபிலேயே உண்மை பேசுகிற ஒரே செல் அதுதான் என்று படுகிறது.

இனி வருவதைப் புதன்கிழமை எழுதுகிறேன். கடிதத்தைத் திங்களன்றே முடித்துவிட்டேன். முடித்த கையோடு அனுப்பவில்லை. எழுதிய சூட்டில் எந்தக் கடிதமும் நல்லதாகத்தான் தெரியும். சாமி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று காலையில் எடுத்து, உன் அம்மாவை உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டினேன். என்னால் போட முடிந்த பெரிய லோடு அவள்தான். பிரசவ விடுதிக் கதை அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். படித்து முடித்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம், “இத்தினி வருசம் இதை வயித்துல வெச்சிக்கினு எப்படிய்யா சோறு எறங்குச்சு உனக்கு?” என்றாள். இறங்கியது, அதுதான் உண்மை.

பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து உன் படத்தை எடுத்தாள். கோபத்தில் கிழித்துவிடுவாளோ என்று பயந்தேன். லேமினேஷனைக் கிழிப்பது சுலபமில்லை என்று ஒரு தைரியமும் இருந்தது. அவள் அதை என் மூக்குக்கு நேராகக் காட்டி, “எந்த எடத்துல செத்துது?” என்று கேட்டாள். உயரப் பல் முடிந்து குட்டைப் பல் தொடங்கும் இடத்தை விரலால் காட்டினேன். அவள் குங்குமச் சிமிழைத் திறந்து, அந்த இடத்தில் சரியாக ஒரு பொட்டு வைத்தாள். படத்தைத் திரும்ப முருகனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். “தப்புனு கண்டுபுடிச்சது யாரு? எம்புள்ளதான? இருக்கட்டும் அங்கியே” என்றாள். பிறகு ஒரு டப்பா வடாமை எடுத்து என் பையில் திணித்தாள்.

நாளைக் காலை பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி, வழியில் ஒரு தடவை மாறி, உன் ரூமுக்கு வருகிறேன். இதை உன் கையில் கொடுப்பேன். நீ படிக்கும்போது நான் பக்கத்தில் நிற்க மாட்டேன், கீழே போய் ஒரு காபி குடிப்பேன். என்ன செய்வது என்பதை நீ முடிவு செய். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை மட்டும் நான் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளாதே. சொன்னேன். தப்பாகச் சொன்னேன். மேடத்தைப் பார்க்கப் போவதாக இருந்தால், அவர் அறைக்கு வெளியே ஏதாவது பெஞ்ச் இருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வர மாட்டேன், எட்டிப் பார்க்க மாட்டேன். அங்கே வைத்து என்மேல் நீ கத்த வேண்டும் என்றால் கத்து. எனக்குச் சந்தோஷம்தான்.

இரண்டு நாளில் இந்தக் கடிதத்தின் வோல்ட் இறங்கவில்லை. அதனால் கடைசித் தாளைத் திருப்பி, முன்பக்கத்தில் சோதித்தவர் என்று போட்டிருக்கும் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை படிக்கிற மாதிரி, எழுத்து எழுத்தாகப் போட்டிருக்கிறேன். இதில் கையெழுத்துப் போட்டது யார் என்று எவர் வந்து கேட்டாலும், என்னைக் காட்டு. நான்தான்.

அப்பா